இரண்டு வெள்ளைக் கிட்டார்களும் ஒரு குங்குமப் பொட்டும்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, போன மாதம் நான் பதுளைக்கு வந்தபோது தேநீரும் வடையும் வாங்கிக் கொடுத்து, பழைய முக்காலியில் உட்கார வைத்து, நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. "பாக்கியக்கா, வெல கொறஞ்ச எலக்ட்ரிக் கிட்டாருக்கும் அந்தப் பெரிய கம்பனி பழைய மாடலுக்கும் உண்மையில என்னதான் வித்தியாசம்? கஸ்டமர் கேட்டா என்னா சொல்றது?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்துவிட்டேன். பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு ஒரு கிட்டார் ஞாபகம் வந்து தொண்டையை அடைத்துவிட்டது. வடைதான் அடைத்துக்கொண்டது என்று நினைத்து நீங்கள் தண்ணீர் கொடுத்தீர்கள். நல்ல பிள்ளைகள்.

இப்போது வீட்டில் சும்மாதானே இருக்கிறேன், சாவகாசமாக எழுதுகிறேன். கம்பி மாற்றுவது எப்படி, வளைந்த கழுத்தை நிமிர்த்துவது எப்படி என்பதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. அதில் வருகிறவர்கள் என்னைவிட நன்றாகவும் என்னைப்போல் திட்டாமலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். போனில் இல்லாத சில காரியங்கள் இந்தக் கடையில் நடந்தன. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

நான் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தக் கடைக்கு வந்தது வாத்தியங்களைத் தூசி தட்டுகிற வேலைக்கு. துடைக்கத் துடைக்க, எது எப்படிக் கழல்கிறது, எது எப்படிப் பூட்டுகிறது என்று விளங்கியது. ரிப்பேர் பார்த்தவர் ஒருநாள் கொழும்புக்குப் போய்த் திரும்பி வராமல் போகவே, முதலாளி திருப்புளியை என் கையில் கொடுத்தார். பொம்பளைப் பிள்ளையிடமா கொடுக்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, "வேற யாரு இருக்கா?" என்று பதில் சொன்னார். அதைவிடப் பெரிய பாராட்டு அவர் வாயிலிருந்து நான் ஓய்வு பெறும்வரை எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, கேள்விக்கு வருவோம். கஸ்டமருக்குச் சொல்ல நேரான பதில் வேண்டுமென்றால் இதுதான். விலை குறைந்ததில் கம்பியை இறுக்குகிற முறுக்காணி சில மாதத்தில் வழுக்கும். கழுத்தின் ஓரத்தில், குறுக்கே பதித்த கம்பிக் கட்டைகளின் முனை கையைக் கீறும். சத்தத்தைக் குறைத்தால் குரல் கம்மிப்போகும். பழைய மாடலில் அந்த ஓரங்கள் பழகிய கரண்டிக் காம்பு போலத் தேய்ந்து கைக்கு இதமாக இருக்கும், மெல்லத் தொட்டாலும் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும். இந்த வித்தியாசங்கள் பொய்யில்லை. ஆனால் விலை குறைந்ததைக் குறை சொல்லிக்கொண்டு கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கதை, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வாயில் வைத்துக்கொள்ளாதீர்கள். வியாபாரம் கெட்டுப்போகும்.

மற்றதெல்லாம் எனக்குத் தியாகுவின் இரண்டு கிட்டார்கள் காட்டியவை.

தியாகு நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்துக்காரன். ஓர் இசைக்குழுவில் லீட் கிட்டார் வாசித்தான். தோட்டத்துத் திருவிழா, கல்யாணம், சடங்கு என்று இந்தப் பக்கத்து மலைகளில் அவன் ஏறாத மேடை கிடையாது. அவனுடைய முதல் கிட்டார் நம் கடையில் வாங்கியது. வெள்ளை நிறம், பழைய மாடலின் அச்சு அசலான வடிவம், விலை மட்டும் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டுகிற விலை. பிறகு டுபாய்க்கு ஒருமுறை போய் உழைத்து வந்தான். வந்த கையோடு, கொழும்பில் ஒரு வயதான வாத்தியக்காரர் நாட்டை விட்டுப் போகும்போது விற்ற அசல் மாடலை வாங்கிவிட்டான். அதுவும் வெள்ளைதான். காலம் பட்டுப்பட்டு உறைந்த நெய்யின் நிறத்துக்கு வந்திருந்தது.

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக நம் கடைக்குத்தான் கொண்டுவந்தான். "அக்கா, நீங்கதான் மொதல்ல தொடணும்" என்றான். நான் ஆம்ப் பெட்டியில் சொருகி, கம்பிகளைச் சேர்த்து அழுத்தி ஒரே ஒரு கோட் பிடித்து மெல்லத் தட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சத்தம் அடங்கும்வரை முதலாளிகூடக் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டார். அதுவரை எத்தனையோ கிட்டார்களைக் கழற்றிப் பூட்டியிருக்கிறேன், ஒன்றாவது எனக்கு வேண்டும் என்று நினைத்ததில்லை. அன்றைக்கு நினைத்தேன். வேண்டியது கிடைக்காது என்று தெரிந்தும் நினைத்தேன்.

மகேஸ்வரியையும் அன்றுதான் முதலில் பார்த்தேன். தியாகுவின் மனைவி. கொழுந்து எடுக்கிற பெண், வாய் கொஞ்சம் நீளம். வாசலில் நின்றபடியே, "அக்கா, ஏற்கெனவே ஒரு வெள்ளக் கிட்டாரு வீட்டுல தொங்குது. இதும் வெள்ள. இவருக்கு என்னா வித்தியாசம் தெரியுதுன்னு கேளுங்க" என்றாள். தியாகு காது கேட்காதவன்போல் கிட்டாரை வைக்கிற கூட்டின் பூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அந்த வருடம் நான் பிறந்த தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு அவனுடைய குழு வந்தது. புதுக் கிட்டார் வந்திருக்கிறது என்று பசறையிலிருந்துகூட இளவட்டங்கள் ஏறி வந்திருந்தார்கள். பகலில் ஒத்திகை அருமையாக இருந்தது. சாயங்காலம் கோயிலைச் சுற்றிச் சரவிளக்குகளைப் போட்டார்கள். போட்டதுதான் தாமதம், கிட்டாரிலிருந்து குளவிக்கூடு கலைந்ததுபோல் ஓர் இரைச்சல். பாட்டுக்காரர் வாயைத் திறந்தார், இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பழைய மாடலில் கம்பிகளுக்கு அடியில் இருக்கிற பிக்கப் என்ற காதுக்குச் சுற்றிலும் ஓடுகிற மின்சாரமெல்லாம் கேட்கும். அதுதான் அதன் குரலுக்கும் காரணம். விலை குறைந்ததில் இருந்தது பிந்திய வகை, அந்த இரைச்சலை அதுவே அடக்கிக்கொள்ளும்.

தியாகு வயரை ஆட்டினான், ஆம்பைத் தட்டினான், முகமெல்லாம் வேர்த்தது. கூட்டத்தில் விசில் கிளம்பியது. நான் மேடையின் பக்கவாட்டில் போய், அங்கே சாத்தியிருந்த விலை குறைந்ததைக் காட்டி, "தம்பி, ஒன் மொத கிட்டார எடு" என்றேன்.

"முடியாதுக்கா. இதப் பாக்கத்தானே வந்திருக்காங்க."

"பாக்க வந்தவங்களுக்குக் காட்டியாச்சு. கேக்க வந்தவங்களுக்கு வாசி."

முறைத்தான். ஆனால் மாற்றினான். இருட்டுகிற வேளையில் ஜனம் சாமியாடும் அளவுக்கு அந்த விலை குறைந்த கிட்டாரில் வாசித்தான். எந்தக் கிட்டார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. இரண்டும் வெள்ளைதானே. அதனால் பிள்ளைகளே, எது நல்ல கிட்டார் என்று கேட்டு யாராவது வந்தால், எங்கே சொருகப் போகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். கோயில் மேடையா, வீடா, தோட்டத்து லய வரிசையில் ஓர் அறையா என்று தெரியாமல் வாயைத் திறக்காதீர்கள்.

அதற்குப் பிறகு சாமான் விலையெல்லாம் தலைக்குமேல் போன காலம் வந்தது. திருவிழாக்கள் சுருங்கின, கல்யாணங்களுக்குப் பாட்டுப் பெட்டி போதுமென்று ஆனது. தியாகு மறுபடியும் டுபாய்க்குக் கிளம்பினான். லயத்துச் சுவர் மழைக்காலத்தில் வேர்க்கும், தகரம் ஒழுகும். அதனால் நல்ல கிட்டாரை நம் கடையில் விட்டுவிட்டுப் போனான். "நீங்க பாத்துக்குவீங்கன்னு தெரியும்க்கா. அப்பப்ப வாசிங்க, சும்மா கெடந்தா அதுக்கு ஏக்கம் புடிச்சிரும்." ஏக்கம் யாருக்குப் பிடித்திருந்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்றது லயத்தில் ஆணியில் தொங்கியது.

அந்த வருடச் சரஸ்வதி பூசை அன்று காலை மகேஸ் கடைக்கு வந்தாள். சீனிச் சாக்கில் தைத்த உறைக்குள் விலை குறைந்த கிட்டார். நமுனுகுலயிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"ஒருத்தரோட சாமான் ரெண்டு எடத்துல பூசையில இருக்கக் கூடாதுக்கா. சேந்தே இருக்கட்டும்."

அப்படி ஒரு சாஸ்திரத்தை நான் எங்கும் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் சாஸ்திரம் வைத்திருக்கிற முதலாளியே பூசையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். நம் கடைப் பூசைதான் உங்களுக்குத் தெரியுமே. ஆர்மோனியத்திலிருந்து கல்குலேட்டர் வரைக்கும் சந்தனம், குங்குமம். என் திருப்புளிகளுக்குக்கூடப் பொட்டு. பூசைப் படியில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலை வரை யாரும் தொடக்கூடாது, வாசிக்கக்கூடாது. மகேஸ் இரண்டு வெள்ளைக் கிட்டார்களையும் பக்கத்தில் பக்கத்தில் சாத்தி வைத்து, மேல்கொம்பில், தோள்வார் மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், குழைத்த சந்தனமும் அதன்மேல் குங்குமமும் தன் விரலால் வைத்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்தேன். விலை குறைந்ததில் பொட்டு வந்த தடமே இல்லை. அதன் பெயின்ட் பீங்கான் கோப்பை மாதிரி, எதுவும் உள்ளே இறங்காது. நல்ல கிட்டாரின் பூச்சு மெல்லியது, அது குடிக்கும். துடைத்த இடத்தில் வெளிர் சிவப்பாக ஒரு வட்டம் நின்றுவிட்டது. பதறிப்போய்த் தியாகுவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவன் சிரித்தான். "இருக்கட்டும்க்கா. நெத்தியிலதானே வெச்சிருக்கா."

அடுத்த பூசைக்கு, கூட்டின்மேல் பொட்டு வைக்கலாமே என்று மகேஸிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "புருசனுக்கு நெத்தியில வெக்காம அவரு பொட்டியில வெக்கவா?" என்றாள். அதோடு நான் விட்டுவிட்டேன். அவன் பொருள், அவன் மனைவி, அவன் சம்மதம். நடுவில் நான் யார்? வருடத்துக்கு வருடம் அந்த வட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

ஒவ்வொரு விஜயதசமி காலையும் துடைத்து முடித்ததும், "ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்கக்கா" என்பாள். கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். நான் ஒரே கோட்டை இரண்டிலும் வாசிப்பேன். ஒருமுறை கேட்டேன், எது நல்லா இருக்கு என்று.

"ரெண்டும் ஒண்ணாத்தான்க்கா கேக்குது. அவரு வாசிச்சாத்தான் வேற மாதிரி கேக்கும்."

இதைச் சொன்னபோது அவள் குரலில் விளையாட்டு இல்லை. அவள் பஸ் ஏறிப் போன பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. எனக்கு அந்தக் கிட்டார்மேல் இருந்த ஏக்கம், அவளுடையதற்கு முன்னால் என்ன பெரிய ஏக்கம்?

பிறகு ஒரு மத்தியானம் தியாகு கடைப் போனுக்கு அழைப்பு எடுத்தான். நான் பேசத் தொடங்குமுன் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டான். வேலைத்தலத்தில் இரும்புக் கதவு ஒன்றில் இடது கை மாட்டிக்கொண்டது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மேல்கணுவோடு போய்விட்டன. அது நடந்து பல மாதமாகிறது. காயம் ஆறிவிட்டது. மகேஸுக்குத் தெரியாது.

"நல்ல கிட்டார வித்துருங்கக்கா. காச அவளுக்குக் குடுத்துருங்க. மத்தத குழுவுல யாருக்காவது குடுத்துருவோம். நான் இங்கயே இருந்துக்கிறேன். இந்தக் கையோட அங்க வந்து எந்த மேடையப் பாக்குறது? ஊரே பாவம் பாக்கும்."

"மகேஸ்கிட்ட என்னான்னு சொல்றது?"

"வேற ஏதாச்சும் சொல்லுங்க. புதுசு வாங்கப் போறேன்னு சொல்லுங்க."

அந்த இடத்தில் நான் எடுத்த முடிவைக் கேளுங்கள், ஏனென்றால் இந்த மாதிரிப் போன் உங்களுக்கும் வரும். வாத்தியக் கடைக்கு வாத்தியம் மட்டுமா வருகிறது? கிட்டார் அவனுடையது, அவன் விற்கச் சொன்னால் விற்றுத்தான் ஆக வேண்டும். அந்தப் பொய்யும் அவனுடையதுதான், அதை நான் சுமக்க வேண்டியதில்லை. "விக்கிறேன் தம்பி. ஆனா மகேஸ்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். வாங்குறவர விஜயதசமிக்கு அப்புறம்தான் வரச் சொல்லுவேன். அதுக்குள்ள நீயே அவகிட்ட சொல்லிரு" என்றேன். சரி என்றான். அவன் சொல்லமாட்டான் என்று அந்தச் சரியிலேயே தெரிந்தது.

வாங்க வந்தவர் நிரோஷன், கொழும்பில் மேடைகளில் வாசிக்கிற இளைஞர். நான் சொன்ன நாளுக்கு முன்னதாகவே, பூசை அன்றே வந்து நின்றார். பண்டாரவளையில் அக்கா வீடு இருக்கிறதாம், அப்படியே எட்டிப் பார்க்கலாம் என்று வந்தாராம். மகேஸ் அப்போதுதான் இரண்டு கிட்டார்களுக்கும் பொட்டு வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நிரோஷன் படியைப் பார்த்து முகம் மலர்ந்து, "அக்கா, இதுதானே நான் வாங்கப் போற கிட்டார்?" என்றார்.

மகேஸ் என்னைப் பார்த்தாள். "எதுக்கா? யாரு விக்கிறது?"

முதலாளி எனக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார். வேறு கிட்டார் என்று சொல்லிச் சமாளி என்று அர்த்தம். அவர் கெட்ட மனிதர் இல்லை, பூசை நேரத்தில் கடையில் அழுகை வேண்டாமே என்று பார்த்தார். எனக்கும் நாக்கு நுனிவரை பொய் வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அந்த நேரம் கடந்திருக்கும், மகேஸ் வருடா வருடம் ஒற்றைக் கிட்டாரோடு பஸ் ஏறி வந்துகொண்டிருப்பாள். நான் போனை எடுத்துத் தியாகுவுக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். முகம் வந்ததும், "மகேஸ் கடையில நிக்கிறா. வாங்குறவரும் நிக்கிறாரு. பேசு" என்று சொல்லி அவள் கையில் கொடுத்துவிட்டேன். நிரோஷனைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன். ஆனால் நம் கடை எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியும். எல்லாம் கேட்டது.

தியாகு ஏதேதோ இழுத்தான். புது மாடல், பழசு கனம் என்று. மகேஸ் நடுவில் வெட்டினாள்.

"எடது கையக் காட்டுங்க."

அவன் மறுபடியும் புது மாடல் என்று தொடங்கினான்.

"எப்பயும் எடது கையாலதானே போனப் புடிப்பீங்க. இப்ப மாசக்கணக்கா வலது கை. நானும் கேக்கலாம்னு பாத்தேன், நீங்களே சொல்லட்டும்னும் பாத்தேன். காட்டுங்க."

காட்டியிருக்க வேண்டும். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன், தெரு எனக்குக் கலங்கலாகத் தெரிந்தது.

"இதுக்கா வராம இருக்கீங்க?" என்றாள். குரல் உடைந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. "நீங்க வாசிக்கிறதப் பாத்தா நான் கட்டிக்கிட்டேன்? ஒங்க வாசிப்பு ஒண்ணும் அவ்வளவு பெருசில்ல. வீட்டுக்கு வாங்க."

போனுக்குள்ளிருந்து தியாகு அழுகிற சத்தமும் சிரிக்கிற சத்தமும் சேர்ந்து கேட்டன. நிரோஷன் என்னிடம் மெல்ல, "நான் போயிறட்டுமாக்கா?" என்றார். மகேஸ் உள்ளேயிருந்து, "போகாதீங்க. விக்கிறோம். அவரு வர்றதுக்கு டிக்கெட் வேணும்" என்றாள்.

பூசையில் இருக்கும் வாத்தியத்தை எடுக்க முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. கொழும்புக் காசைக் கண்டும் அசையவில்லை, அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு. நிரோஷன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் காலை வந்தார். மகேஸும் டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு வந்தாள். நான் துடைத்தேன். விலை குறைந்தது பளிச்சென்று இருந்தது. மற்றதில் அந்தச் சிவப்பு வட்டம்.

நிரோஷன் அதை விரலால் தடவிப் பார்த்தார். "இத எடுக்க முடியுமாக்கா?"

"பொலிஷ் போட்டு ஒரசினாப் போயிரும். அந்த எடத்துப் பூச்சும் கொஞ்சம் மெலியும்."

"எடுத்துருங்கக்கா" என்றாள் மகேஸ். "அவங்க காசு குடுத்து வாங்குறாங்க. கறையோட எப்புடிக் குடுக்கிறது?" சொல்லிவிட்டு, சாக்கு உறைக்குள் இருந்த மற்றக் கிட்டாரை மடியில் இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

நான் பொலிஷ் டப்பாவைத் திறந்தேன். திறந்து வைத்துவிட்டுத் துணியைத் தேடினேன். மேசையடியில் தேடினேன், லாச்சியை இழுத்துத் திறந்து தேடினேன். துணி என் தோளில்தான் கிடந்தது. பிள்ளைகளே, சுறுசுறுப்பு நல்ல குணம்தான். ஆனால் செய்தால் திரும்பச் செய்ய முடியாத காரியம் கைக்கு வரும்போது கொஞ்சம் மந்தமாக இருங்கள். வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் மனம் மாற அவகாசம் வேண்டும். அதைக் கொடுப்பதற்கும் சேர்த்துத்தான் நமக்குச் சம்பளம்.

நான் தேடிக்கொண்டிருக்கையில் நிரோஷன் கிட்டாரைச் சொருகி வாசித்துப் பார்த்தார். நன்றாக வாசித்தார். நிறுத்திவிட்டு, "இந்தப் பொட்ட வெச்சது யாரு?" என்று கேட்டார்.

"நான்தாங்க" என்றாள் மகேஸ்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னிடம், "டப்பாவ மூடுங்கக்கா" என்றார். எழுந்துபோய் மகேஸுக்கு முன்னால் கிட்டாரைச் சாய்த்துப் பிடித்தார். "இன்னொரு தடவ வெச்சு விடுங்க. நான் தொடைக்க மாட்டேன்."

வைத்தாள். அப்போதுதான் அழுதாள்.

கிட்டார் கூட்டுக்குள் போய்ப் பூட்டு விழுந்த சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு நிரோஷன் ஸ்டேஷன் பக்கம் நடந்து போவதைக் கடை வாசலில் நின்று பார்த்தேன். போய்விட்டது. இன்றைக்கும் போனில் எந்த மேடை நிகழ்ச்சி வந்தாலும், வெள்ளைக் கிட்டார் தெரிந்தால், அதன் மேல்கொம்பைத்தான் என் கண் முதலில் தேடும். ஒருமுறை தெரிந்த மாதிரி இருந்தது. விளக்கு வெளிச்சமாகவும் இருக்கலாம். மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

தியாகு வந்து சேர்ந்ததும் கடைக்கு வரச் சொல்லி ஆள் மேல் ஆள் அனுப்பினேன். வரவில்லை. கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லயத்திலேயே கிடக்கிறான் என்றாள் மகேஸ். "கிட்டார மட்டும் குடுத்து அனுப்பு" என்றேன். சீனிச் சாக்கு உறையில் வந்தது.

விற்றுப்போன அந்த வெள்ளைக் கிட்டார் அப்போது என் மேசையில் இருந்திருந்தால், அதன்மேல் அரம் வைக்க எனக்குக் கை வந்திருக்காது. அதன் ஒவ்வொரு துண்டும் இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும். நாம்தான் அதற்குத் தக்கபடி வளைய வேண்டும். இந்த விலை குறைந்ததில் கை வைக்க நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. கழுத்து முனையில் கம்பிகள் படிகிற துண்டைப் பிடுங்கி எறிந்தேன். உயரமாக ஒன்றைச் செதுக்கி ஒட்டினேன், தடித்த கம்பிகளைப் பூட்டினேன், விரலால் அழுத்தவே முடியாதபடி கம்பிகள் உயர்ந்து நின்றன. பக்கத்து ஹார்ட்வெயார்க் கடையில் ஒரு சாண் குழாய்த் துண்டு வாங்கி, மோதிர விரல் நுழைகிற அளவுக்கு வெட்டி, விளிம்பை வழவழப்பாகத் தேய்த்தேன். கோட்டுவாத்தியத்தில் கட்டையைக் கம்பிமேல் இழுத்து வாசிப்பார்களே, அந்த யோசனைதான். அதற்கு இரண்டு நல்ல விரல் இருந்தால் போதும்.

மகேஸ் அவனை எப்படிக் கூட்டிவந்தாள் என்று தெரியாது, இழுத்து வந்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். கை பையைவிட்டு வெளியே வர வெகுநேரம் ஆனது. நான் குழாய்த் துண்டை நீட்டினேன். அவன் கிட்டாரைப் பார்த்தான், நான் செய்து வைத்திருந்த அநியாயத்தைப் பார்த்தான்.

"என்னாக்கா இது, கிட்டாரக் கெடுத்து வெச்சிருக்கீங்க?"

"ஆமா. நல்லதா இருந்தா கெடுத்திருக்க மாட்டேன். மாட்டு."

மாட்டினான். முதல் இழுப்பில் பூனையின் வாலை மிதித்த மாதிரி ஒரு சத்தம். முதலாளி காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் குழாய் ஓர் இடத்தில் நின்று, மெல்ல நடுங்கி, ஒரு சுரத்தைப் பிடித்தது. அவன் தலை தன்னால் சாய்ந்தது. அவன் மேடையில் வாசிக்கும்போது சாய்கிற அதே சாய்வு. அந்தச் சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழுத்தான். சரியாகப் போய்ச் சேரவில்லை, கொஞ்சம் தள்ளி நின்றது. மறுபடி இழுத்தான்.

நான் திரும்பி மகேஸைப் பார்த்தேன். வாசலில் சீனிச் சாக்கு உறையைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள்.

"இப்ப வேற மாதிரி கேக்குதுக்கா" என்றாள்.